கேடயம் மட்டும் போதுமா?



பாய்ந்து வரும் ஏவுகணையை இன்னொரு ஏவுகணையால் வானிலேயே தகர்ப்பதுதான் ஏவுகணைத் தடுப்பு. ஊரையும் உயிரையும் காக்கும் கேடயம் இது. ஆகவே, ஒரு நாட்டுக்கு இது தேவைதான். ஆனால், இதை மட்டுமே நம்பி இருந்துவிடலாமா?

1991 வளைகுடாப் போரின்போது, சவுதி அரேபியாவின் தஹ்ரானில் அமெரிக்கா 'பேட்ரியாட்' தடுப்பு ஏவுகணைகளை நிறுத்தியிருந்தது. அதன் கணினி, நேரத்தை நொடியில் பத்தில் ஒரு பங்காக எண்ணியது. அந்தக் கணக்கில் மிகச் சிறிய பிசகு. 100 மணி நேரம் நிறுத்தாமல் இயக்கியதில், அது 0.34 நொடியாக வளர்ந்துவிட்டது. கண் சிமிட்டும் நேரம்தான்! அதற்குள் ஈராக்கின் ஸ்கட் ஏவுகணை அரை கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும்.

பிப்ரவரி 25 அன்று வந்த ஸ்கட்டை பேட்ரியாட் தடுக்கவில்லை. 28 அமெரிக்க வீரர்கள் இறந்தனர். பிழை திருத்திய மென்பொருள் மறுநாள்தான் அங்கு வந்து சேர்ந்தது.

கேடயம் செய்தால் போதாது. அதை நாள்தோறும் சோதிக்கவும் வேண்டும். அதைவிட மேலானது, ஏவுகணையே புறப்படாதபடி நாடுகள் பேசித் தீர்ப்பது.

தேர்வில் கவனப் பிழைக்கு ஒரு மதிப்பெண்தான் போகும். இனிமேல் விடைத்தாளைத் தருமுன், கணக்கை ஒருமுறை சரிபார்ப்பீர்கள்தானே?