ஐதாபில் காத்திருந்த ஹாஜிகள்



நம் தென்கரைப் பெண்கள் தேங்காய் மட்டையை ஊறப்போட்டு அடித்துத் திரிக்கும் தும்புக் கயிறு உங்களுக்குத் தெரியும். அத்தகைய கயிற்றால், ஆணி ஒன்றும் இல்லாமல் தைத்துக் கட்டப்பட்ட கலத்தில்தான், ஹிஜ்ரி 579இல் (கி.பி. 1183) இப்னு ஜுபைர் (ரஹ்) செங்கடலைக் கடந்து ஹஜ்ஜுக்குச் சென்றார்கள்.

கிரனாடாவிலிருந்து புறப்பட்டவர் அவர். சிலுவைப் போர்க் காலமாதலால் சினாய் வழி ஆபத்தாயிருந்தது. எனவே ஹாஜிமார் நைல் நதியில் கூஸ் வரை சென்று, அங்கிருந்து ஒட்டகக் கூட்டத்தோடு பாலைவனத்தைத் தாண்டி, ஐதாப் என்ற கடற்கரைப் பட்டணத்தை அடைவார்கள். ஜூன் மாத வெயிலில் இரண்டு வாரத்துக்கும் மேலான பயணம்!

வசதியுள்ளவர்கள் ஒட்டகத்தின் இருபுறமும் தொங்கும் நிழற்கூடையில், ஆளுக்கொரு பக்கமாக அமர்வார்கள். அதிலிருந்தபடியே குர்ஆன் ஓதலாம், விரும்பினால் சதுரங்கமும் ஆடலாம் என்று எழுதுகிறார். (சதுரங்கம் பற்றிய மஸ்அலாவை இன்னொரு மாதம் பார்ப்போம்.)

அந்தப் பாலையில் அவர் வியந்தது ஒன்று. இந்தியாவிலிருந்து வந்த மிளகும் கறுவாவும் மூட்டை மூட்டையாக வழியோரம் கிடந்தனவாம். ஒட்டகம் களைத்ததும் இறக்கிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். காவலில்லை. எத்தனையோ பேர் கடந்துபோயும், உரியவர் திரும்பி வந்து எடுக்கும்வரை யாரும் தொடவில்லை.

ஆனால் ஐதாபில் மனிதருக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. தண்ணீர் உட்பட எல்லாமே வெளியிலிருந்து வரவேண்டிய ஊர் அது. ஹாஜிமாரே அதன் பிழைப்பு. படகுக்காரர்கள் கோழிக்கூட்டில் அடைப்பதுபோல் ஆட்களை ஏற்றினார்கள். ஒரே பயணத்தில் படகின் விலை கைக்கு வந்துவிட்டால், பிறகு அது கரைசேர்ந்தால் என்ன, மூழ்கினால் என்ன என்பது அவர்களின் கணக்கு. காற்று திசைமாறிப் பாழ்கரையில் ஒதுங்கியவர்களில் பலர் தாகத்தால் மடிந்தனர். இவரோ அங்கே மூன்று வாரத்துக்கும் மேல் காத்திருந்து, ஒரு வாரத்துக்கு மேல் கடலில் அலைக்கழிந்து, ஜித்தாவை அடைந்தார். கயிறு அறுந்ததாக அவர் முறையிடவில்லை. படகுக்காரரின் பேராசையை அவர் கடுமையாகக் கண்டித்தார்.

சக்தி பெற்றவர் மீதே ஹஜ் கடமை. வழியில் உயிருக்கும் பொருளுக்கும் அச்சமின்மையை நம் ஃபுகஹாக்கள் அந்தச் சக்தியில் சேர்த்தே எண்ணினார்கள். ஆகவே குழுவோடு உம்ராவுக்குப் போகும் சகோதரி, “அறையில் எத்தனை பேர்? வயதான உம்மாவுக்கு யார் துணை?” என்று முன்கூட்டியே கேட்பது ஈமான் குறைவல்ல. சென்ற வருடம் எனக்குத் தெரிந்த ஒரு குழுவில், நால்வருக்கென்று சொன்ன அறையில் எழுவரைப் படுக்க வைத்தார்கள். முழங்கால் நோவுள்ள ஒரு உம்மா பதினொரு நாளும் தரையில் படுத்தார். கேட்டால், “ஸப்ர் செய்யுங்கள்” என்ற பதில். பணம் வாங்கியவர் சொல்லத்தக்க வார்த்தையா அது?

இப்னு ஜுபைர் திரும்பும்போது ஐதாப் பக்கமே போகவில்லை. மதீனா, பக்தாத், மோசுல், திமிஷ்க் என்று சுற்றி, அக்காவில் கிறிஸ்தவர்களின் கப்பலில் ஏறினார். 1184 டிசம்பரில் அது சிசிலித் தீவின் மெஸ்ஸினாவருகே தரைதட்டி உடைந்தது. கரைசேர்க்க வந்த ஓடக்காரர்கள் கூலி கேட்டார்கள். ஏழை முஸ்லிம்களிடம் கொடுக்க ஒன்றுமில்லை. அதைக் கேள்வியுற்ற அத்தீவின் கிறிஸ்தவ மன்னர் வில்லியம், அந்தக் கூலியைத் தாமே கொடுத்து அவர்களை இறக்கச் செய்தார்.