நூல் நிலையத்தில் கழியும் பொழுது வீணா?

மகன் எம்.ஏ. கடைசி ஆண்டு. காலையில் நூல் நிலையத்துக்குப் போகிறான். விளக்கு வைக்கும் நேரத்தில்தான் வீடு திரும்புகிறான்.

"இன்று என்னப்பா எழுதினாய்?" என்று தாய் கேட்கிறாள்.

"எழுதவில்லை அம்மா. படித்தேன்."

பிள்ளை பொழுதை வீணாக்குகிறானோ என்று பெற்றோருக்குக் கவலை.

அந்தக் கவலை வேண்டாம்! ஆராய்ச்சியின் முதல் வேலையே அதுதான்.

பட்ட மேற்படிப்பில், ஆசிரியர் சொன்னதை ஒப்பித்தால் போதாது. மாணவன் தானே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு முன்னோர் என்ன விடை கண்டார்கள், எந்த இடத்தில் விட்டார்கள் என்று படித்துப் பார்க்க வேண்டும். மனையை அளக்காமல் யாராவது கடைக்கால் தோண்டுவார்களா?

சீனப் பெண்மணி

1969-ம் ஆண்டு. மலேரியாக் கிருமி பழைய மருந்துகளுக்கு மசியவில்லை. புது மருந்து தேடும் வேலை, சீனாவில் தூ யூயூ என்ற பெண்மணியிடம் வந்தது. அவர் டாக்டர் பட்டம் பெற்றவர் அல்ல.

அவர் முதலில் செய்தது என்ன? பழைய வைத்திய நூல்களைப் படித்தார். முதிய வைத்தியர்களைக் கேட்டார். 2 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருந்துக் குறிப்புகளைத் திரட்டினார்.

அவற்றில் ஒன்று, மாசிப்பத்திரி இனத்தைச் சேர்ந்த ஒரு செடி. அதன் சாறு ஒருமுறை பலித்தது, மறுமுறை பலிக்கவில்லை.

அவர் மீண்டும் நூலைப் புரட்டினார். 4-ம் நூற்றாண்டு வைத்தியர் கே ஹோங் ஒரு குறிப்பு எழுதி இருந்தார். செடியைத் தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து குடிக்க வேண்டும். அவ்வளவுதான்.

"காய்ச்ச வேண்டும்" என்ற சொல் அதில் இல்லை!

சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று தூ யூயூ எண்ணினார். குறைந்த சூட்டில், ஈதரைக் கொண்டு சத்தைப் பிரித்தார். 1971 அக்டோபரில் எலிகளிடமும் குரங்குகளிடமும் அது முழுப் பலன் தந்தது. அதுவே ஆர்ட்டெமிசினின். எத்தனையோ லட்சம் உயிர்களைக் காத்த மருந்து. 2015-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஒட்டுப் போடலாமா?

சில மாணவர்கள் பத்து நூல்களின் பெயரை அடுக்கி, பிறர் எழுதியதை ஒட்டுப்போட்டு ஆய்வேடு என்று கொடுக்கிறார்கள். இது திருட்டு. 60 சதவீதத்துக்கு மேல் பிறர் எழுத்தாக இருந்தால், ஆராய்ச்சி மாணவரின் பதிவையே ரத்து செய்யலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் விதி செய்தது.

தண்டனையை விடப் பெரியது நஷ்டம். இப்போது நூலின் சுருக்கத்தை இயந்திரமே எழுதித் தருகிறது. சுருக்கம் கிடைக்கும், சரி. ஆனால் நூலில் இல்லாத ஒரு சொல்லைக் கவனிப்பது யார்? கேள்வியோடு உட்கார்ந்து படிப்பவனின் கண்தான் அதைக் கவனிக்கும்.

ஆகவே, மாலையில் மகன் வந்ததும் தாய் வேறு கேள்வி கேட்கட்டும்:

"இன்று படித்ததில் உனக்கு எங்கேயப்பா சந்தேகம் வந்தது?"

அதற்கு அவன் பதில் சொன்னால், பொழுது வீணாகவில்லை என்று அர்த்தம்!