நன்னியின் கையில் பச்சை



சென்ற மாதம் ஒரு நாள், அஸர் தொழுகைக்குப் பின் எங்கள் மதரஸாத் திண்ணைக்கு ஒரு மூதாட்டி பேரனுடன் வந்தார். வயது எண்பதை நெருங்கும். பேரனைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, முழுக்கை இரவிக்கையை மெல்ல மேலேற்றினார். முன்கையில் மங்கிய புள்ளிக் கோலம் ஒன்று தெரிந்தது.

"ஹஜ்ரத், எட்டு வயசுல வெவரம் தெரியாம குத்திக்கிட்டது. உம்ராவுக்குப் பேர் கொடுத்திருக்கேன். இந்தக் கையோட ஒளு கூடுமா?"

பச்சை குத்துபவளையும் குத்திக்கொள்பவளையும் நபி (ஸல்) அவர்கள் சபித்ததாக புகாரி, முஸ்லிம் இரண்டிலும் ஹதீஸ் உண்டு. அதை யாரோ பயானில் கேட்டதிலிருந்து அம்மூதாட்டிக்கு உறக்கமில்லை. பருவம் எய்தாத வயதில் நேர்ந்ததற்குக் குற்றமில்லை என்றும், மை தோலின் அடியில் இருப்பதால் ஒளுவின் நீரை அது தடுப்பதில்லை என்றும் எடுத்துரைத்தேன். அவர் முகம் தெளியவில்லை. அபூபக்கர் (ரலி) அவர்களின் துணைவியார் அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்களின் கைகளில் பச்சை இருந்ததைக் கண்டதாகக் கைஸ் இப்னு அபீ ஹாஸிம் அறிவிக்கும் செய்தியைச் சொன்னேன். அறியாமைக் காலத்தில் குத்திக்கொண்டது அது. "அந்தம்மா கையிலயுமா?" என்று கேட்டவர் சட்டென்று அழுதுவிட்டார்.

பிறகு அவராகவே பேசலானார். குறத்தி வந்த நாள், நூலால் சேர்த்துக் கட்டிய ஊசிகள், வலி தெரியாதிருக்க அவள் பாடிய பாட்டு, கூலியாகக் கொடுத்த அரிசி. சென்னை அருங்காட்சியகத் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் நூறாண்டுக்கு முன் எழுதி வைத்ததும் இதையே. மஞ்சள்பொடியையும் அகத்திக் கீரையையும் துணியில் சுற்றித் திரியாக்கி, ஆமணக்கெண்ணெயில் எரித்து, மூடிய சட்டியில் படியும் கரியைத் தாய்ப்பாலிலோ நீரிலோ குழைத்தால் மை ஆயத்தம். பச்சை என்கிறோம், குத்துவதோ கரிய மை! ஆல்ப்ஸ் மலைப் பனியில் 1991இல் கிடைத்த, ஐயாயிரம் ஆண்டுக்கும் முற்பட்ட மனிதனின் உடலிலும் கரியால் குத்திய கோடுகளே உள்ளன.

இன்று நகரத்துக் கடைகளில் மின்னூசி கொண்டு குத்திக்கொள்ளும் இளைஞரை நான் ஆதரிப்பவனல்லன். ஆயினும் நம் வீட்டு முதியோர் கையிலுள்ளதைப் பழிச்சின்னமாக்கி, அதன் கதையையும் கேளாமல் விடுகிறோமே என்பதே என் வருத்தம்.

அம்மூதாட்டி பிறந்த சிற்றூர் இன்றில்லை. நெய்வேலியில் 1957இல் முதற்சுரங்கம் தோண்டத் தொடங்கியபின் அவ்வூரார் வீடு வாசல் விட்டுக் குடிபெயர்ந்தனர். அன்று அவரோடு அதே திண்ணையில் கை நீட்டிய தோழி ஒருத்தி எங்கே போனாளோ, தெரியாதாம். "அவ கையிலயும் இதே கோலந்தான் ஹஜ்ரத்" என்றார்.

தள்ளி நின்ற பேரன் எப்போது அருகில் வந்தானோ, புள்ளிகளை விரலால் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தான். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"இருபத்தொன்னு இருக்கு நன்னி."

"இருவத்தஞ்சுடா. நல்லா எண்ணு."