டாக்டருக்கு எதுக்கு சார் எகனாமிக்ஸ் கூட்டம்?

1/
"கிளினிக்கைச் சீக்கிரம் பூட்டிட்டு ஏதோ எகனாமிக்ஸ் லெக்சர் கேட்கப் போறீங்களாமே, டாக்டருக்கு அது எதுக்கு சார்?" டோல்கேட்டில் என்னிடம் வரும் ஒருத்தர் கேட்டார். பதில் கொஞ்சம் நீளம். அதான் இந்த இழை.

2/
சில வருஷம் முன்னாடி ஒரு கண்டெய்னர் லாரி டிரைவர் வருவார். சுகர் 300-க்குக் கீழே இறங்கவே இறங்காது. மாத்திரை தீர்ந்து மூணு வாரம் கழிச்சுத்தான் ஆளைப் பார்க்க முடியும். "உயிர் மேல அக்கறையே இல்லையா?"ன்னு ஒவ்வொரு தடவையும் திட்டுவேன். தலையைக் குனிஞ்சு கேட்டுக்குவார். ஒருநாள் காலில் புண்ணோடு வந்தார். இரண்டு விரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

3/
அதுக்கப்புறம் ஒரு நண்பர் இழுத்துட்டுப் போய், ஒரு பொருளாதாரக் கருத்தரங்கில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பேசினவர் 'வாய்ப்புச் செலவு' என்றார். ஒன்றைச் செய்ய, வேற எதை விட்டுக்கொடுக்கிறோமோ அதுதான் அதன் நிஜமான விலை. எனக்கு அந்த டிரைவர் முகம் ஞாபகம் வந்தது.

4/
துறைமுகத்துக்குப் போற வரிசையில் வண்டி நிக்குது. விட்டுட்டு வந்தா இடம் போச்சு, டிரிப் போச்சு, அன்னைக்குச் சம்பளம் போச்சு. அரசு மருத்துவமனையில் ஓபி இலவசம்தான். ஆனா அவருக்கு அது ஒரு நாள் கூலி. அவருக்கு அக்கறை இருந்தது. கணக்குத் தெரியாம இருந்தது நான்தான்.

5/
இது வெறும் உணர்ச்சிப் பேச்சு இல்லை. ராஜஸ்தான் உதய்பூர் கிராமங்களில் பானர்ஜியும் டூஃப்லோவும் சகாக்களோடு நடத்திய ஆய்வு 2010-ல் வெளியானது. சும்மா விட்ட கிராமங்களில் முழுத் தடுப்பூசி போட்ட குழந்தைகள் 6%. ஊருக்கே முகாம் வந்தபோது 18%. முகாமோடு ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கிலோ பருப்பு கொடுத்தபோது 39%. அந்தத் தாய்மாரை யாரும் திட்டவில்லை. வர்றதுக்கான செலவைக் குறைச்சாங்க, அவ்வளவுதான். அந்த இருவருக்கும் கிரெமருக்கும் 2019-ல் பொருளாதார நோபல் கிடைத்தது.

6/
நம்ம ஊர் உதாரணம்? 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம். பிரஷர், சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருது. அதே கணக்குதான்.

7/
நோயாளிக்கும் இது தேவை. டாக்டருக்குத் தெரிஞ்சது நோயாளிக்குத் தெரியாது, அதனால மருத்துவம் மற்ற சந்தை மாதிரி இயங்காதுன்னு கென்னத் ஆரோ 1963-லேயே எழுதினார். மருந்து தடவிய ஸ்டென்ட்டுக்கு 2017 பிப்ரவரியில் அரசு 29,600 ரூபாய்னு உச்சவிலை வைத்தது இந்தக் காரணத்தால்தான். பேரம் பேசுற நிலைமையிலா ஹார்ட் அட்டாக் வந்தவர் இருப்பார்?

8/
ஒரு எச்சரிக்கை. ஸ்டார் ஹோட்டலில் மைக் பிடிச்சு "மாசம் 10% வட்டி"ன்னு சொல்றதும் 'பிசினஸ் செமினார்'ன்னுதான் பேர். வருஷத்துக்கு 120%. எந்த நேர்மையான தொழிலில் அது வரும்? நல்ல கூட்டத்துக்கு ஒரு அடையாளம்: கேள்வி கேட்க விடுவாங்க, உங்க பணத்தைக் கேட்க மாட்டாங்க.

9/
எங்கே போறது? அடையாறில் 1971-ல் மால்கம் ஆதிசேஷய்யா தொடங்கிய எம்ஐடிஎஸ் இருக்கு. கோட்டூர்புரத்தில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் இருக்கு. அறிவிப்பைப் பார்த்து வைங்க. டோல்கேட்டில் மெட்ரோ ஏறினா சின்னமலை, அங்கிருந்து கோட்டூர்புரம் பக்கம்தான். பாதி புரியாது. எனக்கும் புரியலை. புரிஞ்ச பாதியே போதும்.

10/
ஆனா ஒரு குறை. துறைமுகம், அனல்மின் நிலையம், முதலீடுன்னு பேசுற அரங்குகளில் எண்ணூர்க்காரர், திருவொற்றியூர்க்காரர் யாரும் இருக்கிறதில்லை. நம்ம நுரையீரல் எந்தக் கணக்கில் வருதுன்னு கேட்க, நாமதான் அங்கே போய் உட்காரணும்.

11/
இப்போ என் கிளினிக் ராத்திரி பத்தரை வரை. லெக்சர் நாள் மட்டும் விதிவிலக்கு, முன்கூட்டியே போர்டில் எழுதிடுவேன். சுகர் கட்டுக்குள் இருக்கிறவங்களுக்கு இரண்டு மாச மாத்திரை சேர்த்து எழுதுறேன். அந்த டிரைவர் டிரிப் முடிச்சுட்டுத் தவறாம வர்றார். அந்த லெக்சரை ஒரு வருஷம் முன்னாடியே கேட்டிருந்தா அவர் விரல் மிஞ்சியிருக்குமோன்னு இன்னும் தோணுது.

அதான் சார், எகனாமிக்ஸ் கூட்டத்துக்குப் போறேன்.