தவணை அறுவடையைப் பார்த்து வரட்டும்

டிராக்டர் கடன் வாங்கும் உழவர் கையெழுத்திடும் தாள்களில் ஒன்று, தவணையைக் கணக்கிலிருந்து தானாகவே கழித்துக்கொள்ள வங்கிக்குத் தரும் அனுமதிச் சீட்டு. கடன் கொடுத்த நிறுவனம் குறித்த தேதியில் தொகையைக் கேட்கும். உழவரின் வங்கி கழித்து அனுப்பிவிடும். தவணை கட்ட பஸ் ஏறி டவுனுக்கு அலைய வேண்டாம். வசதிதான்.

ஆனால் மாதச் சம்பளக்காரருக்குப் பொருந்தும் தேதி, நெல் போட்டவருக்குப் பொருந்துமா? குறுவைக்கு ஏறக்குறைய 4 மாதம். கரும்பு என்றால் 10, 12 மாதம். இடையில் கணக்கில் பணம் ஏது? இருப்பு இல்லாமல் தவணை திரும்பினால் வங்கி ஒரு கட்டணம் பிடிக்கும். கடன் கொடுத்தவரும் சும்மா விடமாட்டார். பிறகு நெல் விற்ற பணம் வந்ததும் முதலில் கரைவது அபராதத்துக்கே.

அந்தச் சீட்டிலேயே மாதம், காலாண்டு, அரையாண்டு, ஆண்டு என்று கட்டங்கள் உண்டு. பலர் அதைப் பார்ப்பதே இல்லை. கடன் பேசும்போதே அறுவடையை ஒட்டி அரையாண்டுத் தவணை கேட்க வேண்டும். அது சலுகை அல்ல, நியாயம். நிறுவனங்களும் என்ன பயிர் என்று கேட்டபிறகே கட்டத்தில் குறி போட வேண்டும். நிரப்பாத சீட்டில் கையெழுத்து கூடவே கூடாது. உச்சத் தொகை, முடிவுத் தேதி இரண்டையும் எழுதச் செய்து, நகல் ஒன்றைப் பாஸ் புத்தகத்தோடு வைத்துக்கொள்வது நல்லது.