விமானிக்கு இரும்பு விதி, நிறுவனத்துக்கு ரப்பர் விதி

2025 டிசம்பர் முதல் வாரத்தில் நாட்டின் விமான நிலையங்களில் ஆயிரக்கணக்கான பயணிகள் இரவு பகலாகத் தரையில் படுத்துக் கிடந்த காட்சியை நாடே கண்டது. டிசம்பர் 5 அன்று மட்டும் இண்டிகோ நிறுவனம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்களை ரத்து செய்தது. புயலோ போரோ அதற்குக் காரணமில்லை. விமானிகளுக்குப் போதிய ஓய்வு தரவேண்டும் என்னும் விதி நவம்பர் 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்திருந்தது. அதற்கு வேண்டிய அளவு விமானிகளை நாட்டின் மிகப் பெரிய விமான நிறுவனம் தயாராக வைத்திருக்கவில்லை.

இந்நிலையில் ஒன்றிய அரசு என்ன செய்திருக்க வேண்டும்? விதியை மீறாத அளவுக்குச் சேவைகளைக் குறைக்கும்படி முன்கூட்டியே ஆணையிட்டிருக்க வேண்டும். அரசு செய்ததோ வேறு. விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககமான டிஜிசிஏ அன்றைய தினமே விதியைத் தளர்த்தியது. வார ஓய்வை விடுப்புக் கணக்கில் கழிக்கக் கூடாது என்ற பிரிவு எல்லா நிறுவனங்களுக்கும் திரும்பப் பெறப்பட்டது. இரவுப் பணிக்கான கட்டுப்பாடுகளிலிருந்து இண்டிகோவுக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்கு அளிக்கப்பட்டது. ஆளற்ற நிறுவனத்துக்கு ஏற்ப விதி வெட்டப்பட்டது.

இதை வெறும் நிர்வாகக் குளறுபடி என்று கடந்து செல்ல முடியாது. வானில் பறப்பதற்கான விதிகள் யாருக்கு இரும்பாகவும் யாருக்கு ரப்பராகவும் இருக்கின்றன என்பதை இந்நிகழ்வு வெளிச்சமிட்டுக் காட்டுகிறது.

ஒரு மணி குறைந்தாலும் உரிமமில்லை

நம் நாட்டில் வணிக விமானி உரிமம் பெற விரும்பும் இளைஞருக்குப் பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். இயற்பியலும் கணிதமும் படித்துப் பன்னிரண்டாம் வகுப்பில் தேறியிருக்க வேண்டும். முதல் வகுப்பு மருத்துவத் தகுதிச் சான்று வேண்டும். விமான ஒழுங்குமுறைகள், வழிகாண் கலை, வானிலையியல், தொழில்நுட்பம் ஆகிய எழுத்துத் தேர்வுகளில் நூற்றுக்கு எழுபது மதிப்பெண் பெற வேண்டும். வானொலித் தொடர்புக்குத் தனி உரிமம் எடுக்க வேண்டும்.

பறந்த நேரம் 200 மணிக்குக் குறையக் கூடாது. அதில் 100 மணி நேரம் விமானத்தின் முழுப் பொறுப்பையும் தானே ஏற்றுப் பறந்திருக்க வேண்டும். வழியில் இரண்டு வேறு விமான நிலையங்களில் இறங்கி, 300 கடல் மைலுக்குக் குறையாத ஒரு நெடும்பயணத்தை முடித்திருக்க வேண்டும். இரவில் ஐந்து மணி நேரம் பறந்து, பத்து முறை ஏறி இறங்கியிருக்க வேண்டும். ஒரு மணி குறைந்தாலும் உரிமம் கிடையாது.

இந்தக் கடுமையை நாம் எதிர்க்கவில்லை, வரவேற்கிறோம். விமானத்தில் அமர்ந்திருக்கும் நூற்றுக்கணக்கானோரின் உயிர் அந்தக் கைகளில் இருக்கிறது. 2011இல் போலி மதிப்பெண் பட்டியல்களைக் கொடுத்து உரிமம் பெற்ற விமானிகள் பிடிபட்டபோதும், பறக்காத மணிகள் பயிற்சிக் கழகங்களின் பதிவேடுகளில் ஏறியிருந்தது அம்பலமானபோதும் நாடு அதிர்ந்தது நியாயமே.

நமது கேள்வி எளிமையானது. "விமானிகள் போதவில்லை, எனவே இரண்டு மாதங்களுக்கு 150 மணி நேரம் பறந்தவரும் போதும்" என்று டிஜிசிஏ ஆணை பிறப்பித்தால் யாரேனும் ஏற்பார்களா? ஏற்கமாட்டார்கள். அப்படியானால் விமானியின் உறக்கத்தை மட்டும் எப்படித் தள்ளுபடி செய்ய முடிகிறது?

ஓய்வும் தகுதியே

2010 மே 22 அதிகாலையில் துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூரில் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தாக்கில் விழுந்து எரிந்தது. 158 பேர் மாண்டனர். எட்டுப் பேர் மட்டுமே உயிர் தப்பினர். வளைகுடாவில் உழைத்துவிட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்தவர்களும் அவர்தம் குடும்பத்தினரும் அவர்களில் ஏராளம்.

அவ்விமானத்தின் தலைமை விமானி 10,000 மணி நேரத்துக்கு மேல் பறந்த அனுபவசாலி. அவருடைய உரிமத்தில் எந்தக் குறையும் இல்லை. ஆயினும் விமானி அறைக் குரல்பதிவைக் கேட்ட விசாரணை நீதிமன்றம், பதிவான இரண்டு மணி நேரத்தில் பெரும்பகுதி அவர் உறக்கத்தில் இருந்ததைக் கண்டறிந்தது. விழித்தபின் மூளையை விட்டு அகலாத உறக்க மந்தமும், உடல் இயல்பாகவே சோர்ந்து கிடக்கும் பின்னிரவு நேரமும் அவருடைய தவறான முடிவுக்குத் துணைபோயிருக்கக்கூடும் என்று அது பதிவு செய்தது. தரையிறங்குவதைக் கைவிட்டு மேலே எழும்பும்படி துணை விமானி மீண்டும் மீண்டும் சொன்னதும் அந்தப் பதிவில் இருக்கிறது.

பாடம் தெளிவானது. உரிமத்தாளில் இருக்கும் தகுதி, உறங்காத மூளையில் இருப்பதில்லை. 200 மணி நேரப் பறப்பு எப்படித் தகுதியோ, வாரத்துக்கு 48 மணி நேர ஓய்வும் அப்படியே தகுதி. ஓய்வு விதியிலிருந்து விலக்கு அளிப்பது, தகுதியற்ற நிலையில் ஒருவரை விமானத்தில் ஏற்றிவிடுவதற்கு ஒப்பாகும்.

அந்நாளில் அந்நிறுவனம் பொதுத்துறையைச் சார்ந்ததாகவே இருந்தது என்பதையும் நாம் மறைக்கவில்லை. உரிமையாளர் அரசு என்பதால் மட்டும் விமானி விழித்திருக்க மாட்டார். உறுதியான விதியும், அதைக் காத்து நிற்கும் தொழிற்சங்கக் குரலும் பொதுத்துறைக்கும் வேண்டும்.

ஒரு விதியின் பயணம்

விமானிகளின் நெடுநாள் கோரிக்கைக்குப் பின்னர் 2024 ஜனவரியில் புதிய விதிகளை டிஜிசிஏ அறிவித்தது. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்ந்தது. இரவு என்பது அதிகாலை 5 மணி வரை என்றிருந்தது 6 மணி வரை என்றாயிற்று. இரவுநேரத் தரையிறக்கங்கள் ஆறிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டன. 2024 ஜூன் 1 முதல் இவை அமலாக வேண்டும்.

நிறுவனங்கள் முகம் சுளித்தன. மார்ச் மாதமே விதி ஒத்திவைக்கப்பட்டது. விமானிகளின் சங்கங்கள் தில்லி உயர் நீதிமன்றப் படியேறிப் போராடிய பிறகே, 2025 ஜூலை 1, நவம்பர் 1 என இரு கட்டங்களாக அது நடைமுறைக்கு வந்தது. அறிவிப்பிலிருந்து முழு அமலாக்கம் வரை ஏறத்தாழ 22 மாதங்கள். இந்த அவகாசத்தில் ஒரு நிறுவனம் எத்தனை விமானிகளைத் தேர்ந்தெடுத்துப் பயிற்றுவித்திருக்கலாம்! மாறாக, ஆளெடுப்பையே முடக்கி வைத்திருந்தது என்று இந்திய விமானிகள் கூட்டமைப்பு குற்றஞ்சாட்டியது. "விதி திடீரெனத் திணிக்கப்பட்டது" என்று நிறுவனங்களுக்காகப் பரிந்து பேசுவோர் இந்த நாட்காட்டியைப் புரட்டிப் பார்க்கட்டும்.

பின்னர் 2026 ஜனவரியில் இண்டிகோவுக்கு டிஜிசிஏ அபராதம் விதித்தது. தொகை 22.20 கோடி ரூபாய். 2024-25 நிதியாண்டில் அந்நிறுவனம் ஈட்டிய நிகர லாபம் 7,200 கோடி ரூபாய்க்கு மேல். ஆயிரம் ரூபாய் லாபத்துக்கு மூன்று ரூபாய் அபராதம்! இது தண்டனையா, விதியை மீறுவதற்கான உரிமக் கட்டணமா?

கண்காணிக்க வேண்டிய டிஜிசிஏவிலோ அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் ஏறத்தாழப் பாதி காலியாகக் கிடப்பதை நாடாளுமன்ற நிலைக்குழு சுட்டிக்காட்டியுள்ளது. உள்நாட்டுப் பயணிகளில் பத்தில் ஆறு பேருக்கு மேல் ஒரே நிறுவனத்தின் விமானங்களில் பறக்கிறார்கள். அதனையும் டாடாவின் ஏர் இந்தியாவையும் சேர்த்தால் பத்தில் ஒன்பது. 1953இல் நாட்டுடைமையாக்கப்பட்ட ஏர் இந்தியாவை 2022 ஜனவரியில் டாடாவிடம் ஒப்படைத்தபோது, போட்டி பெருகும் என்றார்கள். இன்று மிச்சமிருப்பது இருவரின் ஏகபோகம். விதிக்கு அடங்காமல் நின்றால் நாடே முடங்கும் என்னும் அளவுக்கு ஒரு நிறுவனம் வளர்ந்துவிட்டால், வளைய வேண்டியது யார் என்பதை முதலாளித்துவ அரசு அறியும்.

பணப்பையே நுழைவுத் தேர்வு

விமானியாகும் பாதையின் முதற்படியிலும் இதே வர்க்க நியாயம்தான். 200 மணி நேரப் பயிற்சிக்குத் தனியார் கழகங்களில் ஐம்பது லட்சம் ரூபாய்க்கு மேல் செலவாகிறது. உரிமம் கைக்கு வந்தபின், ஏர்பஸ் 320 போன்ற குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டுவதற்கான டைப் ரேட்டிங் பயிற்சிக்கு மேலும் பல லட்சம் வேண்டும். நிறுவனத்தின் விமானத்தை ஓட்டுவதற்கான பயிற்சிச் செலவைத் தொழிலாளியே சுமக்கும் விந்தையான ஏற்பாடு இது. பேருந்தை ஓட்டக் கற்றுக்கொள்ள ஓட்டுநரே பேருந்துக்குப் பணம் கட்டுவாரா?

உத்தரப்பிரதேசத்தின் ஃபர்சத்கஞ்சில் உள்ள இந்திரா காந்தி தேசியப் பறப்புக் கழகம் அரசினுடையது; அங்கு இடஒதுக்கீடு உண்டு. ஆனால் அதன் கட்டணமும் விவசாயக் கூலியின் மகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. இந்தியன் ஏர்லைன்ஸ் தன் விமானிகளுக்காக ஹைதராபாத்தில் சொந்தப் பயிற்சி மையம் நடத்திய காலம் இருந்தது. தனியார்மயத்தோடு பணிநியமன இடஒதுக்கீடும் மறைந்தது. வருங்காலத்தில் 30,000 விமானிகள் தேவை என்று அமைச்சர் பெருமிதம் கொள்கிறார். உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வீட்டை அடகு வைத்த கடனுக்கு வட்டி கட்டியபடி வேலைக்குக் காத்திருக்கும் இளைஞர்களைப் பற்றி அவர் வாய் திறப்பதில்லை.

வேலை கிடைத்த பின்னரோ கால்விலங்கு. 2017இல் டிஜிசிஏ வகுத்த விதிப்படி, தலைமை விமானி பணியை விட்டு விலக ஓராண்டுக்கு முன்பே அறிவிப்புத் தர வேண்டும். துணை விமானி ஆறு மாதங்களுக்கு முன்பு. நிறுவனங்களின் வசதிக்காக வந்த இந்த விதிக்கு மட்டும் எந்த ஒத்திவைப்பும் நேரவில்லை.

நமக்கென்ன என்று கேட்கலாமா?

"லட்சங்களில் ஊதியம் வாங்குபவர்களுக்காக உழைக்கும் வர்க்கக் கட்சி ஏன் வாதாட வேண்டும்?" என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். விமானியின் ஊதியம் உயர்ந்ததுதான். அதை மறுப்பதில் பயனில்லை. ஆனால் ஓய்வு நேரத்துக்கான சண்டை, எட்டு மணி நேர வேலைக்காகத் தொழிலாளி வர்க்கம் நடத்திய பழைய சண்டையின் தொடர்ச்சியே. உயர் ஊதியம் பெறும், நீதிமன்றம் வரை செல்லும் வலிமை கொண்ட ஒரு பிரிவினரின் உறக்கத்தையே ஓர் ஆணையால் பறிக்க முடியுமென்றால், ஒப்பந்த முறையில் மூட்டை ஏற்றும் விமான நிலையத் தொழிலாளியின் நிலை என்ன? இரட்டைப் பணி பார்க்கும் ரயில் ஓட்டுநரின் நிலை என்ன? களைத்த விமானியின் பின்னால் அமர்ந்திருப்போரில் வளைகுடாவுக்குப் பிழைக்கப் போகும் கட்டடத் தொழிலாளியும் இருக்கிறார்.

எனவே நமது கோரிக்கைகள் இவை. ஓய்வு விதிகளிலிருந்து எந்த நிறுவனத்துக்கும் எக்காரணத்தாலும் விலக்கு அளிக்கக் கூடாது. ஆளில்லையேல் விமானத்தைக் குறைக்கட்டும். விதிகளை வகுக்கும் இடத்தில் விமானிகள், விமானப் பணியாளர்களின் சங்கங்களுக்கு இடமளிக்க வேண்டும். டிஜிசிஏவின் காலிப் பணியிடங்களை நிரப்பி, அமைச்சகத்தின் பிடியிலிருந்து அதனை விடுவிக்க வேண்டும். டைப் ரேட்டிங் செலவை நிறுவனங்களே ஏற்க வேண்டும். ஏழை மாணவர்கள் கட்டணமின்றிப் பயிலும் அரசுப் பறப்புக் கழகங்களைத் திறக்க வேண்டும். ஓராண்டு அறிவிப்பு என்னும் கால்விலங்கை உடைக்க வேண்டும்.

200 மணி நேரத்தில் ஒரு மணி குறைந்தாலும் உரிமம் மறுக்கும் அரசு, 48 மணி நேர ஓய்வில் ஒரு மணி குறைந்தாலும் விமானத்தைத் தரையில் நிறுத்தட்டும். அதுவரை இங்கே விமானப் பாதுகாப்பு என்று பேசப்படுவது லாபத்தின் பாதுகாப்பே.