வேட்டைவில்லுக்கு விலை விசாரிப்போர் கவனத்துக்கு

குறைந்த செலவில் வேட்டைக்கு உகந்த குறுக்குவில் எது என்ற கேள்வி தமிழிலும் கேட்கப்படத் தொடங்கிவிட்டது. மேலைநாட்டு வேட்டைக்காரர்களின் காணொளிகளைக் கண்டு களித்த இளைஞர்கள் கேட்கிறார்கள். விடையளிக்க முந்திக்கொண்டு வருவோரும் இருக்கிறார்கள். இழுவிசை இத்தனை பவுண்டு, அம்பின் வேகம் வினாடிக்கு இத்தனை அடி, விலை இவ்வளவு என்று பட்டியல் விரிகிறது. அதோடு நின்றிருந்தால் நாங்கள் இதைக் கையிலெடுத்திருக்க மாட்டோம். அந்தப் பட்டியலின் தலையில் வல்வில் ஓரியின் பெயரையும் 'வேட்டை தமிழர் மரபு' என்ற முழக்கத்தையும் சூட்டுகிறார்களே, அதுதான் எங்களை எழுத வைத்தது. இலக்கியத்தைச் சாட்சிக்கு அழைத்தால், இலக்கியம் படிப்போர் வாய்திறக்கத்தானே வேண்டும்?

குறுக்குவில் என்ற பெயரே ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து வந்தது. போகட்டும், வழக்கில் நிலைத்துவிட்டது. ஆனால் பொறியால் எய்யும் வில் தமிழ் இலக்கியத்துக்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில், மதுரைக் கோட்டை மதிலில் இருந்த போர்க்கருவிகளின் வரிசையில் 'வளைவிற்பொறி' இடம்பெறுகிறது. தானே வளைந்து எய்யும் எந்திரவில் என்று உரை சொல்லும். அது எங்கே இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். மதிலின் மேல், பகைவரை நோக்கி இருந்தது. மானை நோக்கியோ முயலை நோக்கியோ அன்று. குறிஞ்சிக் கானவன் கையிலும் பாலை எயினன் கையிலும் நம் புலவர்கள் கொடுத்தது கைவில்லைத்தான். மரபு பேசுகிறவர்கள் மரபிலிருந்தே தவறான கருவியை எடுத்துக்கொண்டு வருகிறார்கள்.

சரி, ஓரியிடம் வருவோம். புறநானூற்றின் 152ஆம் பாட்டில், வன்பரணர் காட்டும் வேட்டுவன் விட்ட ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கடந்து, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, இறுதியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைக்கிறது. வில்லின் பெருமையைச் சொல்லும் இந்தப் பகுதியைத்தான் எல்லாரும் எடுத்தாள்கிறார்கள். பாட்டு அங்கே முடியவில்லை. பாணர் கூட்டம் அந்த வேட்டுவன் யாரென்று அறியாமலே பாடுகிறது. பாட்டில் தன் பெயர் வந்த மாத்திரத்தில் அவன் நாணுகிறான். சமைத்த இறைச்சியும் தேறலும் பொன்னும் மணியும் அள்ளிக் கொடுக்கிறான். தன்னை இன்னாரென்று சொல்லிக்கொள்ளவில்லை. செத்த விலங்கின் பக்கத்தில் கட்டைவிரலை உயர்த்திப் படம் பிடித்துக்கொள்ளும் இன்றைய வீரருக்கும், தன் பெயர் கேட்டு நாணிய கொல்லிமலைத் தலைவனுக்கும் என்ன உறவு? ஓரியைக் கொண்டாட விரும்பினால் வழி இருக்கிறது. ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் கொல்லிமலையில் அரசே எடுக்கும் வல்வில் ஓரி விழாவில் வில்போட்டியும் உண்டு. அங்கே இலக்குப் பலகை அடிபடும், உடும்பு அடிபடாது.

அந்த அம்பு தைத்த ஐந்து உயிர்களில் ஒன்றைக்கூட இன்று எய்ய முடியாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைப் படிக்காமலே வில்லுக்கு விலை கேட்கிறார்கள். அச்சட்டத்தில் 'ஆயுதம்' என்பதன் விளக்கத்துக்குள் வில்லும் அம்பும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கின்றன. துப்பாக்கிக்குத்தான் தடை, வில்லுக்கு இல்லை என்ற பேச்சு அந்த வரியோடு முடிந்துவிடுகிறது. 'வேட்டை' என்பதற்குள் கொல்லுதல் மட்டுமல்ல, பொறிவைத்தல், கண்ணியிடல், துரத்துதல், இவற்றுக்கு முயலுதல்கூட அடங்கும். 2022இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள வடிவத்தில், பொதுவான குற்றத்துக்கு மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். மயில், உடும்பு போன்ற முதல் அட்டவணை உயிர்கள் என்றால் மூன்றாண்டுக்குக் குறையாத சிறை, ஏழாண்டு வரை போகலாம். அபராதமும் இருபத்தையாயிரத்துக்குக் குறையாது. வில்லும், ஏறிப்போன வண்டியும் பறிமுதலாகும். சிக்கனம் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கையும் விலையோடு கூட்டிப் பார்க்கட்டும்.

ஆனால் சட்டத்தைக் காட்டி மிரட்டுவது எங்கள் நோக்கமில்லை. சட்டம் யாரைத் தொட்டது, யாரைத் தொடவில்லை என்பதுதான் எங்களை உறுத்துகிறது. அண்ணாகிராமம், பண்ணுருட்டி, நெல்லிக்குப்பம் சுற்றுவட்டாரத்தில் வேட்டையை உண்மையிலேயே மரபாகக் கொண்டிருந்தவர்கள் யார்? இருளர், நரிக்குறவர். 1972க்குப் பின் அவர்களுடைய வாழ்வே குற்றப்பட்டியலில் ஏறியது. பாம்புத்தோல் வணிகம் நின்றபின், இருளர் 1978இல் வடநெம்மேலியில் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, பாம்பைக் கொல்லாமல் நஞ்செடுக்கும் தொழிலுக்கு மாறினார்கள். அந்த வாய்ப்புக் கிட்டாதவர்கள் செங்கல் சூளைக்கும் மரம்வெட்டவும் போனார்கள். அறுவடை முடிந்த வயலில் எலிவளையைத் தோண்டிக் கிடைத்த நெல்லைச் சேர்த்தார்கள். நரிக்குறவர் நாட்டுத் துப்பாக்கியை வைத்துவிட்டு ஊசியும் பாசிமணியுமாகப் பேருந்து நிலையங்களில் அமர்ந்தார்கள். அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்க நாடாளுமன்றத்துக்கு 2022 டிசம்பர் வரை ஆயிற்று. பசிக்கு அடித்தவன் கைவிட்ட தொழிலை, பொழுதுபோக்குக்காகப் பெட்டியில் வரவழைத்து அதற்கு மரபு என்று பெயரிடுவதை நாங்கள் ஏற்கமாட்டோம். மரபுக்கு உரியவர் கூடையோடு தெருவில் நிற்கிறார். உரிமை கொண்டாடுகிறவர் கையில் தொலைநோக்கி பொருத்திய வில் இருக்கிறது.

'பன்றி கரும்பை அழிக்கிறதே, உழவன் என்ன செய்வான்?' என்று ஒரு கேள்வி வரும். இது மட்டும் மதிக்கத்தக்க கேள்வி. ஓரிரவில் ஒரு பன்றிக்கூட்டம் கரும்புக் கொல்லையிலோ மணிலாக் கொல்லையிலோ புகுந்து போனால், காலையில் போய்ப் பார்க்கிறவனுக்கு வயிறு எரியும். அந்த எரிச்சலில்தான் திருட்டு மின்வேலி போடுகிறார்கள். அதில் பன்றியோடு மனிதரும் சாகிறார்கள், சில வேளை வேலி போட்டவரே சாகிறார். அவுட்டுக்காய் வைத்தால் யானையின் வாயும் பசுவின் வாயும் சிதறுகின்றன. இத்தனை கொடுமைக்கு வில் மேலானதன்றோ என்பது அவர்கள் வாதம்.

மேலானதன்று. ஏனென்று சொல்கிறோம். குண்டு அதிர்ச்சியாலும் கொல்லும். அம்பு குருதி வடியவைத்தே கொல்லும். நெஞ்சுக்கூட்டில் சரியாகத் தைத்தால்கூட விலங்கு ஓடித்தான் விழும். குருதித் தடம் பார்த்துத் தேடிப்போக வேண்டும். ஆளுயரத்துக்கு மேல் அடர்ந்த கரும்பில், இரவில், காயம்பட்ட பன்றியைத் தேடிப் போகிறவர் திரும்பி வருவது உறுதியில்லை. இன்னொன்று, ஒலி. நல்ல குறுக்குவில்லின் அம்பு வினாடிக்கு ஏறக்குறைய நூறு மீட்டர் போகும். நாணின் ஓசையோ முந்நூற்று நாற்பது மீட்டர் போகும். முப்பது மீட்டரில் நிற்கும் விலங்குக்கு அம்பு போய்ச்சேர மூன்றில் ஒரு பங்கு வினாடி ஆகும். ஓசை அதற்குள் எப்போதோ போய்விடும். விலங்கு துள்ளிவிடும், நெஞ்சுக்கு விட்டது வயிற்றில் தைக்கும். வயிற்றில் தைத்த பன்றி நாள்கணக்கில் சாகும். பழகிய வேட்டைக்காரர்களே இதனால்தான் முப்பது நாற்பது மீட்டருக்கு மேல் எய்யத் தயங்குகிறார்கள்.

மலிவு வில்லின் கதை இதைவிட மோசம். கைத்துப்பாக்கி வடிவில் விளையாட்டுப் பொருள்போல் விற்கப்படுவதில் 'எண்பது பவுண்டு' என்று போட்டிருக்கும். வாங்குகிறவர் அதையே வலிமை என்று எண்ணுகிறார். நாண் எவ்வளவு தூரம் அம்பைத் தள்ளிக்கொண்டு போகிறது என்பதும் சேர்ந்துதான் வலிமை. அரையடி மட்டுமே தள்ளும் சிறுவில், ஓரடிக்கு மேல் தள்ளும் பெருவில்லின் பக்கத்தில் நிற்காது. முயலைக்கூட ஒழுங்காகக் கொல்லாத அந்தக் கருவி, அடுத்த வீட்டுப் பிள்ளையின் கண்ணைப் பறிக்க மட்டும் போதுமானது. வில்வித்தை கைவர ஆண்டுகள் வேண்டும். இந்தப் பொறிக்கு ஒரு பிற்பகல் போதும். 1139இல் லாத்தரன் சங்கத்தில் கூடிய கத்தோலிக்கத் திருச்சபையினர், கிறித்தவர்மேல் இதைப் பயன்படுத்தக் கூடாதென்று தடைவிதித்தார்கள். யாரும் கேட்கவில்லை. 1199இல் இங்கிலாந்து மன்னன் முதலாம் ரிச்சர்டு இதன் அம்புபட்டே இறந்தான்.

உழவருக்கு வழி இல்லாமலில்லை. பயிரைக் காக்க அனுமதி கேட்கச் சட்டத்திலேயே இடமுண்டு. காட்டுப்பன்றி தொடர்பாகத் தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்த முறைப்படி, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் நுழையும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம். ஒன்று முதல் மூன்று கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விடவேண்டும். அண்ணாகிராமத்துக் கரும்புக்காரருக்கு நாங்கள் சொல்வது இதுதான்: வில்லுக்கு ஒதுக்கிய பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு, ஊரார் கையெழுத்தோடு வனச்சரகருக்கு மனு கொடுங்கள், இழப்பீட்டுக்கும் எழுதுங்கள். தாமதமாகும், அலைய வைப்பார்கள், அறிவோம். அதற்காகத் துறையோடு சண்டை போடுவதென்றால் எங்கள் எழுத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வில் மோகம் தீராதவர்கள் கெடிலக்கரைக்கு வந்து திருவதிகை வீரட்டானத்தைப் பார்க்கட்டும். மேருவை வில்லாகவும் வாசுகியை நாணாகவும் திருமாலை அம்பாகவும் கொண்டு திரிபுரம் எரிக்கப் புறப்பட்டவன், எய்வதற்கு முன்பே சிரித்து எரித்துவிட்டான் என்பது இந்தத் தலத்துக் கதை. அவ்வளவு பெரிய ஆயத்தம் வீணாயிற்றே என்று எந்தப் புராணமும் வருந்தவில்லை.

கடல்கடந்த அன்பர்கள் சிலருக்கு இது பொருந்தாது. கனடாவிலும் அமெரிக்காவிலும் உரிமம் பெற்றுப் பருவத்தில் வேட்டையாட இடமுண்டு. இங்கிலாந்தில் 1981ஆம் ஆண்டுச் சட்டம் காட்டுயிர்மேல் குறுக்குவில்லை அறவே தடுக்கிறது. சட்டம் இடங்கொடுக்கும் ஊரில் இருந்துகொண்டு சிக்கனமாக வாங்க விரும்புவோர், கப்பிகள் பூட்டிய மலிவு வில்லைவிடக் கப்பியில்லாத எளிய வளைவில்லைத் தேர்வது நல்லது. நாணை வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம். கையிலுள்ள பணம் முழுவதையும் வில்லிலேயே போட்டுவிடாதீர்கள். அம்பு, அலகு, நாணுக்கு மெழுகு, இழுக்கும் கயிறு, பழக இலக்கு எல்லாம் தனிச்செலவு. அம்பில்லாமல் விசையைத் தட்டினால் வில் உடையும். செய்தவர் குறித்ததைவிட எடை குறைந்த அம்பை வைத்தாலும் ஏறக்குறைய அதே கேடுதான். முன்கையின் கட்டைவிரலைத் தண்டின் விளிம்புக்கு மேலே நீட்டாதீர்கள், நாண் அதைக் கொண்டுபோய்விடும். ஏகலைவனிடமாவது துரோணர் கேட்டு வாங்கினார்.